அப்பாவுக்குத் தெரியாமல் துருவிய காலிஃபிளவர்

முப்பத்திரண்டு வயதில் சின்ன வயது நினைவுகளை எழுத உட்காருவது கொஞ்சம் அவசரம்தான். ஆனால் என்னோடு பள்ளியில் படித்த உங்களில் பாதிப் பேர் வீட்டில் இப்போதே சர்க்கரை மாத்திரை டப்பா வந்துவிட்டது, உங்களுக்கோ பெற்றவர்களுக்கோ. மீதிப் பேர் சோற்றுக்குப் பதிலாகக் காலிஃபிளவரைத் துருவித் தாளித்து, படம் எடுத்து நம் குழுவில் போடுகிறீர்கள். எல்லோரும் செய்முறை கேட்கிறார்கள். நான் மட்டும் ஒன்றும் எழுதாமல் கடந்து போகிறேன். ஏன் என்று இருவர் கேட்டுவிட்டீர்கள். அதற்கான பதில் இது. யார் பெயரையும் எழுதப்போவதில்லை.

அப்போது நாம் ஐந்தாம் வகுப்பு. நடந்ததெல்லாம் மார்கழியில் தொடங்கி மாசியில் முடிந்துவிட்டது, காலிஃபிளவர் மலிவாகக் கிடைக்கும் மாதங்கள் அவ்வளவுதான் என்பதால். தள்ளுவண்டியில் வெள்ளை வெள்ளையாக அடுக்கி, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருவார்களே, அந்த மாதங்கள்.

அப்பா நம் ஊர் செராமிக் கம்பெனி ஒன்றில் சூளைக்குச் சரக்கு அடுக்குபவர். வேகாத பொம்மைகளைப் பலகையில் வரிசையாக வைத்து, தோளில் ஏற்றி, சூளைக்குள் கொண்டுபோய்த் தட்டுத் தட்டாக அடுக்க வேண்டும். பச்சைப் பொம்மை பிஸ்கட் மாதிரி. ஒன்றோடொன்று உரசினாலே மூக்கு போய்விடும். அடுக்குகிறவருக்குக் கை நடுங்கக் கூடாது, கால் தடுமாறக் கூடாது. அதுவரை அப்பாவின் தோளிலிருந்து பொம்மை விழுந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயங்கள் இரண்டு. ஒன்று இது. இன்னொன்று, அந்தக் கம்பெனியில் குடிக்காத ஒரே ஆள் என்பது.

தீபாவளிக்கு முன்னால் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் காலையும் இரவும் மாத்திரை எழுதிக்கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொன்னார். அப்பா இரண்டையும் செய்யவில்லை. அடுத்த முறை போனபோது சர்க்கரை இறங்கவே இல்லை என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். "ஒழுங்கா போடுறீங்களான்னு கேட்டாரு. போடுறேன்னுட்டேன்" என்று அப்பா வீட்டுக்கு வந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவைப் பெற்றவருக்குச் சர்க்கரையால் ஒரு பாதத்தை எடுத்திருந்தார்கள். அதற்குக் கட்டுப் போட்டவள் அம்மாதான்.

டிவியில் மத்தியான நிகழ்ச்சி ஒன்றில் ஒரு பெண்மணி காலிஃபிளவரைத் துருவிச் சோறு போலச் சமைத்துக் காட்டியதை அம்மா பார்த்தாள். மறுநாளே செய்து அப்பாவின் தட்டில் வைத்தாள். அப்பா கிளறிப் பார்த்தார்.

"என்னடி இது, சோத்துக்கு மச்சினி மாதிரி இருக்குது?"

தட்டை நகர்த்திவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய், தள்ளுவண்டியில் காலிஃபிளவர் சில்லி ஒரு தட்டு சாப்பிட்டு வந்தார். சட்டைப் பையில் சிவப்பு எண்ணெய்க் கறை. அம்மா அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "இவருக்கு வாயில சொன்னா ஏறாது பாப்பா. வயித்துல சொல்லணும்."

அப்படித்தான் நானும் அம்மாவும் கூட்டுச் சேர்ந்தோம்.

எனக்கு அப்போதே எதையும் வரிசைப்படுத்தி எழுதும் பழக்கம். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் செய்முறையை எழுதி வைத்திருந்தேன். நோட்டு இப்போது இல்லை, ஆனால் வரிசை மறக்கவில்லை. இலையை உரித்துக் கூட்டுக்கு எடுத்து வை. பூவைப் பிரித்து, கொதித்த தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு மூழ்க வை. பச்சைப் புழு மேலே மிதந்து வரும், எண்ணு. துணியில் ஒற்றி ஈரம் எடு. தேங்காய் துருவும் தகட்டில் துருவு, விரலைப் பார்த்துக்கொள். இட்லிப் பானையில் துணி விரித்து ஆவியில் ஐந்து நிமிடம், கூடினால் களியாகிவிடும். ஆறியதும் துண்டில் சுற்றிப் பிழி. உதிர உதிர வடித்த சோற்றோடு கிளறு.

கலர் தெரியாமல் மறைப்பதுதான் பெரிய வேலை. தயிர் சாதத்தில் முடியவில்லை, பல்லில் தட்டுப்பட்டது. எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், புளிச்சோறு இவற்றில் தெரியவே தெரியாது. வேகும்போது வரும் அந்த வாடைக்குப் பெருங்காயமும் நசுக்கிய பூண்டும். முதல் வாரம் நாலில் ஒரு பங்கு காலிஃபிளவர். இரண்டாம் வாரம் பாதி. தை பிறக்கும்போது முக்கால். மீந்த தண்டைப் பாசிப்பருப்போடு கூட்டு, பூவில் கொஞ்சம் எடுத்து மிளகு போட்ட முட்டைப் பொரியல், எண்ணெய் அரைக் கரண்டிக்கு மேல் கிடையாது. அம்மா அந்த இரண்டு மாதம் சமைத்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் சமைத்ததில்லை. அப்பா டிபன் கேரியரைக் காலியாகத் திருப்பிக் கொண்டுவருவார்.

"புது அரிசியா? பொலபொலன்னு இருக்குது" என்று ஒருநாள் கேட்டார். நாங்கள் அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டோம்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. காலையும் இரவும் மாத்திரையும் தண்ணீர் டம்ளருமாக அப்பா முன்னால் நின்று, அவர் விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லி, காலண்டரில் டிக் அடிப்பேன். "கலெக்டரம்மா வந்துட்டாங்க" என்பார் அப்பா. ஆனால் விழுங்கிவிடுவார். மனைவி சொன்னால் சிரித்துத் தட்டிவிடும் மனிதர், மகள் டிக் அடிப்பதைக் கலைக்க விரும்பவில்லை. ஒரு நாள்கூட விட்டுப்போகாத டிக் வரிசை. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த இடத்தில் உங்களில் நர்ஸாக, டாக்டராக இருப்பவர்களுக்குப் புரிந்திருக்கும். ஒழுங்காகப் போடாததால் கூட்டப்பட்ட மாத்திரை. இப்போது ஒழுங்காக உள்ளே போகிறது. அந்த மாத்திரைக்கு வேலை கொடுக்க வேண்டிய சோறு முக்கால் பங்கு இல்லை. அப்பாவுக்கு மாத்திரை தெரியும், சோறு குறைந்தது தெரியாது. அம்மாவுக்குச் சோறு குறைந்தது தெரியும். மாத்திரை கூட்டப்பட்டதற்கு என்ன அர்த்தம் என்பது தெரியாது. இரண்டிலும் கை வைத்திருந்த ஒரே ஆள் நான். எனக்குப் பத்து வயது.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. அந்த மார்கழிக் குளிரில் அப்பாவின் பனியன் சாயங்காலம் நனைந்திருக்கும். வந்ததும் வராததுமாக வெல்ல டப்பாவைத் திறப்பார். செருப்பு நேராக இல்லை என்பதற்கெல்லாம் கத்தினார், அப்படிக் கத்துகிறவர் இல்லை அவர். "ஒடம்பு எளைக்குது, அதான்" என்று அம்மா சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொங்கலுக்கு முந்தின வாரம் ரத்தம் பார்த்ததில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. அந்தச் சீட்டை அம்மா சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். டாக்டரிடம் காட்டவில்லை. "கொறஞ்சிடுச்சுல்ல, இனி அவருகிட்ட எதுக்கு?" என்றார் அப்பா. அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த முதல் நாள். சாயங்காலம் நாலரை மணிக்கே அப்பா வந்துவிட்டார், கூட்டாளியின் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து. அந்தக் கூட்டாளி சூளையில் அப்பாவோடு வேலை பார்ப்பவர், எனக்குப் பெரியப்பா முறை சொல்லிப் பழக்கம். நடந்ததை அவர்தான் வாசலில் நின்று சொன்னார். வெளியூரிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வந்திருந்தார்களாம், முதலாளி கூடவே நின்றாராம். அப்பா பலகையோடு வந்தவர் பக்கவாட்டில் இரண்டு எட்டு தள்ளாடி, மொத்தப் பலகையையும் கீழே போட்டுவிட்டார். என்ன ஆச்சு என்று முதலாளி கேட்டதற்கு நாக்குக் குழறி, ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு சூளைப் படியில் உட்கார்ந்தவர், கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

"ஒண்ணும் இல்ல தங்கச்சி" என்றார் பெரியப்பா, உண்மையான பரிவோடு. "பொங்கலுக்குப் போட்டது இன்னும் எறங்கல போல. என் டீய வாயில ஊத்துனேன். பத்து நிமிஷத்துல தெளிஞ்சிட்டான்."

அவர் டீக்கு இரண்டு பங்கு சர்க்கரை போட்டுக் குடிப்பவர். அவர்தான் அன்றைக்கு அப்பாவைக் காப்பாற்றினார். டீ உள்ளே போனதும் தெளிந்தது என்பதே குடித்திருந்ததற்குச் சாட்சியாகிவிட்டது.

"நான் குடிக்கல" என்றார் அப்பா. பெரியப்பாவிடம் ஒரு தடவை, அம்மாவிடம் ஒரு தடவை, கடைசியாக என்னைப் பார்த்து ஒரு தடவை.

அப்பா முகம் கழுவப் போனபோது, கொடியில் கிடந்த அவர் சட்டையை அம்மா எடுத்து மோந்து பார்த்தாள். கழுத்துப் பக்கம், பிறகு மார்புப் பக்கம். திரும்பியபோது அப்பா நிலைவாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை நீட்டி, சட்டையை வாங்கித் தானே பக்கெட்டில் ஊறப்போட்டார்.

மறுநாள் முதல் அப்பாவுக்குச் சூளையில் வேலை இல்லை. வாசலில் நின்று, மண் ஏற்றி வரும் டிராக்டர்களுக்குச் சீட்டுக் கொடுக்கும் வேலை. கம்பெனியில் அவருக்குப் 'பொங்கல் பார்ட்டி' என்று பெயர் வைத்தார்கள். நம் வகுப்பில் ஒருத்தி அதை என்னிடம் சொல்லிக் கேட்டாள், அர்த்தம் தெரியாமல். அவள் இப்போதும் நம் குழுவில் இருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பெரியப்பாவோடு அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் இரண்டு தடவை வீடு வரை வந்து, வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தினார். அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"எனக்கு எவனோ சாப்பாட்டுல எதையோ கலந்திருக்கான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். தட்டில் இருந்தது தக்காளி சாதம். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். பிறகு பின்பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காய்தான? காய் என்ன பண்ணும்? நீ எதையும் உளறி வச்சிடாத. ஏற்கெனவே மனசு ஒடிஞ்சு கெடக்குறாரு" என்றாள். அவள் நம்பித்தான் சொன்னாள். நானும் நம்பினேன்.

டவுனை ஒட்டிய முருகன் கோயிலில் பிராது கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மனிதர்களிடம் நியாயம் கிடைக்காதவர்கள் குறையை வெள்ளைத்தாளில் போலீசுக்கு எழுதுவதுபோல எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, வேலில் கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாதத்துக்குள் கேட்டுவிடும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் என்னை எழுதச் சொன்னார். மண்டபத்துத் தூணடியில் உட்கார்ந்து, மடியில் பரீட்சை அட்டை வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

எனக்குத் தெரியாமல் என் சாப்பாட்டில் கலந்து, என்னைக் குடிகாரன் என்று ஊர் சொல்ல வைத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களைச் சும்மா விடாதே.

'யாராக இருந்தாலும்' என்பதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. "ஏன், கை வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுதி முடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டு, சுருட்டி, நூல் சுற்றி, வேலில் கட்டினார்.

அதன்பிறகு மூன்று மாதம் நான் வைத்திருந்த பட்டியலை யாரிடமும் காட்டியதில்லை. அம்மாவின் கையில் எண்ணெய் தெறித்தது. எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். என் பல் ஒன்று ஆடியது. ஒவ்வொன்றாக எழுதி, இதோடு முடிந்ததா என்று சாமியைக் கேட்பேன். பதில் வராததால் பக்கத்தைத் திருப்பி மறுபடி எழுதுவேன்.

மாசியோடு காலிஃபிளவர் விலை ஏறிவிட்டது. அம்மா பழையபடி சோறு வடித்தாள். அப்பா மாத்திரையை நிறுத்தினார். டம்ளரோடு நின்ற என்னிடம், "போதும் பாப்பா, இருந்து என்ன கிழிக்கப்போறேன்" என்றார். நான் டிக் அடிப்பதை விட்டேன். அவருக்கு அதன்பிறகு வெகுகாலம் தள்ளாட்டம் வரவே இல்லை. ஊர் தன் கணக்குக்கு, ஆள் குடியை விட்டுவிட்டார் என்று மெச்சியது. அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றிக்காகப் பழனிக்கு நடந்தாள்.

பத்தொன்பது வயதில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அறிகுறிகளைப் பலகையில் எழுதிப்போட்டார்கள். வியர்வை, நடுக்கம், அகோரப் பசி, எரிச்சல், தள்ளாட்டம், நாக்குக் குழறல். கடைசி வரி: குடிபோதை என்று தவறாக நினைக்கப்படலாம். நோட்டில் அதையும் எழுதி அடிக்கோடு போட்டேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பதிமூன்று வருடம் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் அப்பாவின் பெயர் துலங்கும், அம்மாவின் பெயர் கெடும். அம்மாவுக்கு வாழ்க்கையில் தான் சாதித்ததாக இருப்பது ஒன்றே ஒன்று: புருஷனின் சர்க்கரையை ஒரு பருவத்தில் சமையலால் இறக்கிக் காட்டியது. வருகிற போகிற பெண்களுக்கெல்லாம் இன்றைக்கும் அந்தச் செய்முறையைச் சொல்லிக்கொடுக்கிறாள்.

இந்தத் தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்த நேரம். பிற்காலத்தில் மறுபடி தொடங்கியிருந்த மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கரண்ட் பில் கட்டப் போன அப்பா, வெயிலில் நடந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முழுக்க ஈரம். விரலில் குத்திப் பார்த்தேன். எண் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா, இது அதுதான்" என்றார். "அன்னைக்குச் சூளையில வந்துச்சே, அதேதான் இது."

"ஆமாப்பா."

"உனக்குத் தெரியுமா?"

"படிக்கும்போது தெரிஞ்சிது."

"அன்னைக்கு எப்பிடி வந்துச்சு? நான் வயிறு நெறையச் சாப்புட்டுட்டுதான அடுக்குனேன். எலுமிச்ச சோறு, இன்னமும் ஞாபகம் இருக்குது."

அவர் அதை ஞாபகம் வைத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிட்டேன். துருவியது, பிழிந்தது, கால் பங்கு, பாதி, முக்கால், காலண்டர் டிக், எல்லாவற்றையும் வரிசையாக. முடித்ததும் அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா, அதாலதான்னு?"

"தெரியாதுப்பா."

"தெரிய வேணாம்" என்றார். பிறகு, எனக்கில்லாமல் தனக்குச் சொல்வதுபோல, "நான் உங்க ரெண்டு பேரு மேலயா எழுதிக் கட்டிட்டு வந்தேன்?"

மறுநாள் காலை குளித்து, வேட்டி மாற்றி, கோயிலுக்குப் போகலாம் வா என்றார். சீட்டுக் கொடுக்கும் இடத்தில், பழைய பிராதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சொன்னார். எத்தனை வருஷம் ஆச்சு என்று அந்த ஆள் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அந்தத் தாளே மண்ணாப் போயிருக்கும் ஐயா. வுட்டுடுங்க."

"தாளு போயிருக்கும். நான் கேட்டது அப்பிடியே நிக்குதுல்ல?" என்றார் அப்பா.

தாள் வாங்கினோம். எழுதித் தரலாம் என்று நான் பேனாவை எடுத்தேன். அவர் என் விரல்களிலிருந்து மெதுவாக அதை வாங்கிக்கொண்டார். மண்டபத்தில் சம்மணம் போட்டு, தொடைமேல் தாளை வைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினார். தோளுக்குப் பின்னால் நின்று நான் படித்தேன். என் சாப்பாட்டில் யாரும் எதையும் கலக்கவில்லை. நான் கட்டிய பிராதை வாபஸ் வாங்குகிறேன். அன்றைக்கு நான் குடித்திருந்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார்.

"சரியா இருக்குதா பாரு பாப்பா."

நான் இன்னொரு முறை படித்தேன்.

"சரியா இருக்குதுப்பா" என்றேன்.